கணக்கு உதைத்த இரவு: 2020-ல் ஜார்ஜியாவில் வாக்குச்சாவடி வேலை

2020 நவம்பர் 3, அமெரிக்க அதிபர் தேர்தல் நாள், இரவு எட்டே கால். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு தேவாலயக் கூடத்தில் ஒன்பது பேர் நிற்கிறோம். கடைசி வாக்காளர் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் உலகம் வரைபடத்தில் எந்த மாநிலம் சிவப்பு (குடியரசுக் கட்சி), எது நீலம் (ஜனநாயகக் கட்சி) என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்கோ வேறு கவலை. கணக்கு உதைக்கிறது. காலையிலிருந்து உள்ளே வந்து பதிவு செய்தவர்களை விட, ஸ்கேனர் விழுங்கிய வாக்குச்சீட்டு ஒன்று குறைவு.

ஒன்றுதானே என்று விட முடியாது. விட்டிருக்கவும் கூடாது என்பது ஒரு வாரத்துக்குப் பிறகு ஊருக்கே புரிந்தது. அதற்கு முன்னால், நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை.

எனக்குக் குடியுரிமை கிடைத்தது 2019-ல். முதல் ஓட்டு 2020 ஜூன் 9 முதல்நிலைத் தேர்தலில், அதாவது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில். மார்ச்சில் நடக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது. அன்று மூன்று மணி நேரம் வெயிலில் நின்றேன். வரிசை நகராததற்குக் காரணம் கூட்டம் மட்டுமில்லை. அந்த வருடம்தான் மாநிலம் முழுக்கப் புது இயந்திரங்கள் வந்திருந்தன. அதைவிட முக்கியம், வருடக்கணக்காக இந்த வேலையைச் செய்துவந்த பெரியவர்கள் பலர் நோய்க்குப் பயந்து வரவில்லை. இங்கே வாக்குச்சாவடி ஊழியர்கள் அரசு ஊழியர்கள் இல்லை. நம் ஊர்போல ஆசிரியர்களுக்கு உத்தரவு போட்டு அழைக்கும் வழக்கமும் கிடையாது. அக்கம்பக்கத்து ஆட்கள்தான் ஒருநாள் கூலிக்கு வருகிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். வரிசையில் நின்றபடியே எங்கள் கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம்போல) இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டேன். கோபத்தில் செய்த காரியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மன்னார்குடியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னதும் சிரித்தார். முப்பது வருடம் ஆசிரியை. எத்தனையோ தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவர். முந்தின நாளே பெட்டியோடு போய், ஏதோ ஒரு கிராமப் பள்ளிக்கூட பெஞ்சில் கொசுவர்த்தி கொளுத்திவைத்துப் படுத்திருந்த கதையெல்லாம் நான் சின்ன வயதிலேயே கேட்டதுண்டு. "யார் ஜெயிப்பான்னு எல்லாம் யோசிக்காதே. அங்கே 17சி மாதிரி ஒண்ணு உண்டா, அதைக் கேட்டுக்கோ" என்றார். 17சி என்பது பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் படிவம். அதில் கையெழுத்துப் போட்டு முகவர்களுக்கு நகல் கொடுக்கும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காதாம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அதிபர் தேர்தல் என்பது நாடு முழுக்க நடக்கும் ஒரே தேர்தல் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு தேர்தலை, தன் சட்டப்படி, தன் இயந்திரத்தில் நடத்துகிறது. ஜார்ஜியாவில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கு அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் மாநிலத்துக்குரிய 16-உம் மொத்தமாகப் போய்விடும். அந்த மாநிலத் தேர்தலும் உண்மையில் 159 கவுன்ட்டிகள் தனித்தனியாக நடத்துவதுதான். ஆக, உலகமே பேசும் ஒரு பதவிக்கான தேர்தல், அடிமட்டத்தில் எங்களைப் போன்ற ஒன்பது பேர் கையில் வந்து நிற்கிறது. பயிற்சிக்குப் போன அன்றுதான் இது எனக்கு உறைத்தது.

பயிற்சி அரைநாள். இயந்திரம் அவ்வளவு கடினமில்லை. வருபவரின் ஓட்டுநர் உரிமத்தை ஐபேடில் ஸ்கேன் செய்தால் பெயர் வரும். கையெழுத்து வாங்கி ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுக்க வேண்டும். அட்டையைத் தொடுதிரை இயந்திரத்தில் செருகி வாக்களித்தால், பக்கத்து லேசர் பிரின்டரிலிருந்து ஒரு தாள் வரும். அதில் அவர் தேர்ந்தெடுத்த வேட்பாளர்களின் பெயர்கள் எழுத்திலும், மேலே ஒரு க்யூஆர் குறியீடும் இருக்கும். அந்தத் தாளை அவரே கொண்டுபோய் ஸ்கேனரில் நுழைக்க வேண்டும். தாள் அடியில் இருக்கும் பூட்டிய பெட்டிக்குள் விழும். 2002-லிருந்து ஜார்ஜியாவில் இருந்த பழைய இயந்திரங்களில் இந்தத் தாளே கிடையாது. திரையில் தொட்டதோடு சரி. மறுபடி எண்ண வேண்டுமென்றால் எதை எண்ணுவது? 2020-ல் காகிதம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அந்த நவம்பர் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

நவம்பர் 3 காலை ஐந்தரைக்கே போய்விட்டோம். எங்கள் மேனேஜர் எழுபதை நெருங்கும் ஒரு கறுப்பினப் பெண்மணி. கொரோனாவுக்குப் பயப்படாமல் வந்த சில பெரியவர்களில் ஒருவர். அவருடைய அம்மா முதன்முதலில் ஓட்டுப் போட்டது, கறுப்பினத்தவர் வாக்களிக்க இருந்த தடைகளை நீக்கிய 1965 வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகுதானாம். அதை அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. டோனட் தின்றுகொண்டே சொன்னார். எல்லாரும் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தோம். பிறகு ஸ்கேனரிலிருந்து ஒரு சீட்டு ஓடியது, மளிகைக் கடை ரசீதுபோல நீளமாக. எல்லா வேட்பாளருக்கும் நேராக 0. அதில் மேனேஜரும் இரண்டு உதவி மேனேஜர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா காலையில் முகவர்கள் முன்னால் ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி, அழித்து, சீல் வைப்பாரே, அதே காரியம்தான்.

ஏழு மணிக்குக் கதவைத் திறந்ததும் அறுபது எழுபது பேர் நின்றார்கள். ஒன்பதுக்குள் அது கரைந்துவிட்டது. ஜார்ஜியாவில் அந்த முறை பதிவான ஏறத்தாழ 50 லட்சம் ஓட்டுகளில் சுமார் 40 லட்சம் அதற்கு முன்பே போட்டாகிவிட்டது. அக்டோபர் 12 முதல் 30 வரை நேரில் வந்து போட்டவர்கள் பெரும்பகுதி, தபாலில் அனுப்பியவர்கள் சுமார் 13 லட்சம். முதல் நாளான அக்டோபர் 12 அன்று சில இடங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அன்றைக்கு வேலை செய்தவர்களைத்தான் கும்பிட வேண்டும்.

கூட்டம் குறைவு என்றாலும் சிக்கலுக்குக் குறைவில்லை. அன்று நான் அதிகம் பார்த்த சிக்கல், தபால் வாக்குச்சீட்டு கேட்டு வாங்கிவிட்டு, பிறகு மனசு மாறி நேரில் வந்தவர்கள். ஐபேடில் பெயரைத் தொட்டதும் எச்சரிக்கை வரும். மேனேஜர் கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போன் செய்து, தபால் சீட்டு வந்து சேரவில்லை என்று உறுதி செய்து, அதை ரத்து செய்த பிறகுதான் இவருக்கு அட்டை கொடுக்க முடியும். அந்தச் சீட்டைக் கையோடு கொண்டுவந்து ஒப்படைத்தவர்கள் சில நிமிடத்தில் முடித்துக்கொண்டு போனார்கள். குப்பையில் போட்டேன் என்று சொன்னவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அந்தப் போன் கிடைக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே, தபால் சீட்டு வாங்கியிருந்தால் அதை எறியாதீர்கள், நேரில் போகும்போது எடுத்துப் போங்கள்.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய தலைவலி, பெயர். அப்பா பெயர் கடைசிப் பெயராகி, இனிஷியல் நடுப்பெயராகி, பாஸ்போர்ட்டில் ஒன்று, உரிமத்தில் ஒன்று, வாக்காளர் பதிவில் ஒன்று. உரிமத்தை ஸ்கேன் செய்தால் "இல்லை" என்று வரும். வந்தவர் முகம் வாடிவிடும். பதற வேண்டாம், கையால் தேடலாம். முதல் பெயரின் மூன்று எழுத்தையும் கடைசிப் பெயரின் மூன்று எழுத்தையும் தட்டி, கிடைக்கவில்லையென்றால் இரண்டையும் இடம் மாற்றித் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். பக்கத்து மேஜையில் இருந்த வெள்ளைக்கார இளைஞருக்கு மத்தியானத்துக்குள் இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு அவரே "இவர் பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. க்ரீன் கார்டு காலத்தில் எடுத்த ஓட்டுநர் உரிமத்தின் பதிவில் நாம் "குடிமகன் அல்லாதவர்" என்றே இருப்போம். குடியுரிமை வாங்கிய பிறகும் அந்தப் பதிவு தானாக மாறாது. வாக்காளராகப் பதிவு செய்யும்போது அந்த இரண்டும் முட்டிக்கொண்டு, குடியுரிமையை நிரூபி என்று குறி விழுந்துவிடும். அமெரிக்க பாஸ்போர்ட்டோ குடியுரிமைச் சான்றிதழோ காட்டினால் சாவடியிலேயே தீர்த்துக்கொள்ளலாம், ஆனால் அது கையில் இருக்க வேண்டுமே. புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள் முதல் முறை போகும்போது பாஸ்போர்ட்டை எடுத்துப் போய்விடுங்கள். முடிந்தால் அதற்கு முன்பே உரிமத்தைப் புதுப்பித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. ஜூன் மாதம் நானும் நாற்காலியில் உட்கார்ந்தவள்தான்.

பதினோரு மணி இருக்கும், ஒரு பாட்டி மகனோடு வந்தார். புடவை, ஸ்வெட்டர், முகக்கவசம். என் பெயர் அட்டையைப் பார்த்ததும் "தமிழா நீ?" என்றார். ஆங்கிலம் படிக்க வராது. அப்படிப்பட்டவர் தனக்குப் பிடித்த ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கக்காரரும் மட்டும் கூடாது. மகன் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பாட்டி திரையை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "சின்னம் எங்கேம்மா? ஒண்ணையும் காணோமே. சின்னம் இல்லாம எதுல குத்தறது?"

"இங்கே சின்னம் போட மாட்டாங்க பாட்டி, பேரும் கட்சியும் எழுத்துலதான் இருக்கும். உங்க மகன் படிச்சுச் சொல்லுவார்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். ஆனால் மூலையில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்த கட்சிப் பார்வையாளர் ஒருவர் உடனே குறிப்பேட்டைத் திறந்துவிட்டார். அவர் பார்வையிலிருந்து நினைத்துப் பார்த்தால் தப்பில்லை. தேர்தல் ஊழியர் வாக்காளரிடம் புரியாத மொழியில் என்னவோ சொல்கிறார். மேனேஜர் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "நீ சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி திருப்பிச் சொல்." சொன்னேன். பார்வையாளர் தலையாட்டி, எழுதாமலே மூடிவிட்டார். அன்றிலிருந்து வேறு மொழியில் எது பேசினாலும் உடனே ஆங்கிலத்திலும் சொல்லிவிடுவது என் வழக்கம். உதவி செய்தால் மட்டும் போதாது, செய்ததை மற்றவர்கள் பார்க்கும்படியும் செய்ய வேண்டியிருக்கிறது.

பாட்டி முடித்துவிட்டு வர இருபது நிமிடம் ஆனது. அந்த வாக்குச்சீட்டு அப்படி. நாடாளுமன்ற மேலவையான செனட்டின் இடைத்தேர்தலுக்கு மட்டும் 20 பேர். அது போக இன்னொரு செனட் இடம், உள்ளூர்ப் பதவிகள், கடைசியில் அரசியல் சாசனத் திருத்தங்கள் இரண்டும் ஒரு பொதுக் கேள்வியும், வக்கீல் மொழியில். மாநில இணையதளத்தில் உங்கள் பெயர் போட்டால் உங்களுக்கான மாதிரிச் சீட்டு கிடைக்கும். வீட்டிலேயே படித்து, வேண்டுமானால் காகிதத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். போனை எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். வாக்களிக்கும் இடத்தில் அதற்கு அனுமதியில்லை, சீட்டைப் படம் எடுப்பதும் குற்றம்.

இன்னொன்று, பிரின்டரிலிருந்து வரும் தாளைப் படியுங்கள். அன்று முழுக்க நான் கவனித்தவரை, நின்று படித்தவர்கள் சொற்பம். ரயில் டிக்கெட்போல வாங்கி நேராக ஸ்கேனருக்குப் போனார்கள். "இந்தக் கட்டம் கட்டமான குறியீட்டில் என்ன இருக்கிறதென்று எனக்கெப்படித் தெரியும்?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான். இதே கேள்வி பெரிதாகி, இனி க்யூஆர் குறியீட்டை வைத்து எண்ணக் கூடாது என்று மாநிலச் சட்டமன்றம் 2024-ல் சட்டமே போட்டது. அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: எழுத்து உங்கள் கையில் இருக்கிறது, தப்பாக இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், இதை ரத்து செய்துவிட்டு வேறு தருவோம். அவர் படித்தார். சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றத்தோடு போனார் என்று நினைக்கிறேன்.

அன்று பகல் முழுக்க என் கைப்பேசி பைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. மன்னார்குடிப் பக்கம் பைங்காநாட்டை ஒட்டித்தான் துளசேந்திரபுரம். அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளரான கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் குடும்பத்தின் பூர்வீக ஊர். ஆகஸ்டில் கட்சி மாநாட்டுப் பேச்சில் கமலா "சித்தி" என்று ஒரு வார்த்தை சொன்னதிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸப் குழு நிலைகொள்ளவில்லை. அன்று துளசேந்திரபுரம் கோயிலில் அபிஷேகம் நடந்த படங்கள், "நம்ம பக்கத்துப் பொண்ணு ஜெயிச்சாச்சா?" என்று பெரியப்பா. நான் என்ன பதில் போடுவது? உறுதிமொழி எடுத்துவிட்டேன். அந்தக் கூடத்துக்குள் எனக்கு ஊரும் இல்லை, கட்சியும் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் அம்மாவுக்கு மட்டும் "தயிர்சாதம் சாப்பிட்டேன்" என்று அனுப்பினேன்.

ஏழு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மேனேஜர் என்னை வெளியே அனுப்பி வரிசையின் கடைசியில் நிற்கச் சொன்னார். ஏழு மணிக்கு வரிசையில் இருப்பவர் எத்தனை மணியானாலும் ஓட்டுப் போடலாம், எனக்குப் பின்னால் வருபவருக்குக் கிடையாது. ஆக, கடைசி ஆள் யார் என்பதற்கு நான்தான் அடையாளம். ஏழு தாண்டியும் வரிசை நீளமாக இருக்கிறதே என்று யாராவது கிளம்பப் பார்த்தால் தடுங்கள். வரிசையை விட்டால் உரிமை போய்விடும்.

அப்புறம்தான் அந்த உதைப்பு. தொடுதிரைகள் அச்சடித்த எண்ணிக்கையிலிருந்து ரத்தானவற்றைக் கழித்தால் ஸ்கேனர் எண்ணிக்கையோடு பொருந்தியது. ஐபேடில் மட்டும் ஒன்று அதிகம். யாரோ உள்ளே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடாமல் போயிருக்கிறார். இல்லையென்றால் ஒரு தாள் எங்கோ கிடக்கிறது. பிரின்டர் தட்டுகள், மேஜை அடி, குப்பைத்தொட்டி, வாக்களித்தோருக்குக் கொடுக்கும் பீச் பழ ஸ்டிக்கர் சுருள் எல்லாம் பார்த்தாயிற்று. அட்டைகளை எண்ணினோம், சரியாக இருந்தன. முக்கால் மணி நேரம். ஒன்பது பேருக்கும் கால் வீங்கியிருந்தது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தப்பு என்னுடையது. காலை எட்டு மணி வாக்கில் ஒரு தாய், கைக்குழந்தையோடு வந்து கையெழுத்துப் போட்டார். அட்டையை வாங்கிய கையோடு குழந்தை வாந்தியெடுக்க, அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "அப்புறம் வருகிறேன்" என்று ஓடினார். வரவேயில்லை. என் சிறு குறிப்பேட்டில் நேரம் போட்டு எழுதியிருந்தேன், ஆனால் ஐபேடில் பதிவை ரத்து செய்யவும் இல்லை, மேனேஜரின் ஏட்டில் ஏற்றவும் இல்லை. குறிப்பேட்டைப் புரட்டும்போது வயிற்றைக் கலக்கியது. சொன்னேன். மேனேஜர் திட்டவில்லை. "எழுதி வைத்தாயே, அதனால்தான் வீட்டுக்குப் போகிறோம்" என்றார். காரணத்தை எழுதி எல்லாரும் கையெழுத்திட்டு, இறுதிச் சீட்டின் ஒரு பிரதியைக் கதவில் ஒட்டிவிட்டு, மற்றதைச் சீல் வைத்து அனுப்பினோம். அன்று நான் கற்றது: பிறகு பார்க்கலாம் என்று எதையும் தன் குறிப்பில் மட்டும் வைத்துக்கொள்ளாதே, உடனே பொது ஏட்டில் ஏற்று.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டிரம்ப் ஜார்ஜியாவில் நன்றாக முன்னிலையில் இருந்தார். அடுத்த மூன்று நாளில் அது உருகியது. வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன், கிளேட்டன் கவுன்ட்டி ஓட்டுகள் சேர்ந்ததும் பைடன் முந்தினார். "ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டு எங்கிருந்து வந்தது?" என்று என் அலுவலக நண்பரே கேட்டார். எங்கிருந்தும் வரவில்லை. தபால் சீட்டுகளின் உறைக் கையெழுத்தைச் சரிபார்த்து, பிரித்து, ஸ்கேன் செய்வது மெதுவான வேலை, நேரில் போட்டது வேகமாக எண்ணப்படும். அந்த வருடம் தபாலில் போடாதீர்கள் என்று ஒரு கட்சியின் தலைவரே சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியானால் தபால் கட்டில் எந்தக் கட்சி அதிகம் இருக்கும்? இதை நான் அவருக்கு மூன்று முறை விளக்கினேன். மூன்றாவது முறை அவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நவம்பர் 11 அன்று, தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர், அதிபர் ஓட்டுகள் அனைத்தையும் கையால் எண்ணித் தணிக்கை செய்யப்போவதாக அறிவித்தார். 50 லட்சம் தாள், ஐந்தாறு நாள். கவுன்ட்டியில் ஆள் கேட்டார்கள், இரண்டு நாள் விடுப்பு எடுத்துப் போனேன். ஒரு மேஜைக்கு இருவர். ஒருவர் தாளை எடுத்து அதிபர் பெயரை வாய்விட்டுச் சொல்லி அடுத்தவரிடம் தர வேண்டும். அவரும் பார்த்துச் சொல்லி, அந்தந்த அடுக்கில் வைக்க வேண்டும். டிரம்ப் அடுக்கு, பைடன் அடுக்கு, லிபர்டேரியன் கட்சியின் ஜோ யோர்கென்சன் அடுக்கு. அவர் வாங்கிய 62,229 ஓட்டு, ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இருந்த வித்தியாசத்தைப்போல ஐந்து மடங்கு. பிறகு ஒவ்வொரு அடுக்கையும் எண்ணி எழுத வேண்டும். கட்சிப் பார்வையாளர்கள் மேஜைகளுக்கிடையே நடந்துகொண்டே இருப்பார்கள்.

என் தாத்தா களத்தில் நெல் அளக்கும்போது "ஒன்று" என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்றுதான் ஆரம்பிப்பார். அங்கே என் வாய் தன்னையறியாமல் லாபம், ரெண்டு, மூணு என்று ஓடியது. எதிரே இருந்த அம்மாள் "என்ன அது?" என்றார். சொன்னேன். மத்தியானத்துக்கு மேல் அவரும் "லாபம்" போட ஆரம்பித்தார். சிரிப்பு இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் கண் பொய் சொல்லும். இரண்டு தாள் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை ஒரு கட்டில் நாங்கள் ஒன்று கூட்டி எண்ணி, மறுபடி எண்ணித் திருத்தினோம். கையெண்ணிக்கைதான் கடவுள் என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆனால் தணிக்கை வீண் போகவில்லை. ஃபிளாய்ட் கவுன்ட்டியில் ஏறத்தாழ 2,600 தாள்கள் எண்ணப்படாமலே இருந்தது வெளிவந்தது. ஃபாயெட் கவுன்ட்டியில் ஒரு மெமரி கார்டை ஏற்ற மறந்ததில் 2,755 ஓட்டு விடுபட்டிருந்தது. இரண்டும் டிரம்புக்கு அதிகம் தந்தவை, வித்தியாசம் குறைந்தது. மோசடி இல்லை, மறதி. என் வாந்தியெடுத்த குழந்தைக் கணக்கின் பெரிய வடிவம். சாவடியிலிருந்து வரும் எண்ணிக்கையை மையத்தில் இருப்பதோடு அன்றே சரிபார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நவம்பர் 20-ல் 12,670 வித்தியாசத்தில் முடிவைச் சான்றளித்தார்கள். டிரம்ப் தரப்பு கேட்டதன்பேரில் இயந்திரத்தில் மறுபடி எண்ணி, டிசம்பர் 7-ல் இறுதியாக 11,779. மொத்தத்தில் 0.24 சதவீதம். 1992-ல் கிளின்டனுக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி ஜார்ஜியாவை ஜெயித்தது அதுவே முதல்முறை.

ஜனவரி 2 அன்று அதிபர் ராஃபென்ஸ்பெர்கருக்குப் போன் போட்டு 11,780 ஓட்டைக் கண்டுபிடிக்கச் சொன்ன ஒலிப்பதிவு வெளியானது. நான் அடுப்படியில் நின்று கேட்டேன். கேட்டதும் எனக்குத் தோன்றியது அரசியல் இல்லை. ஒரு ஓட்டு ஏன் உதைக்கிறது என்று முக்கால் மணி நேரம் குப்பைத்தொட்டியைக் கிளறிய ஒன்பது பேர்தான் நினைவுக்கு வந்தார்கள். ராஃபென்ஸ்பெர்கரும் குடியரசுக் கட்சிக்காரர், டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த வேலைக்கு வரச் சொல்லி உங்களைக் கூப்பிடுவேன், ஆனால் கசப்பையும் மறைக்க மாட்டேன். ஃபுல்டன் கவுன்ட்டியில் ஓட்டு எண்ணிய ஒரு தாயும் மகளும் பொய்ப் புகாரால் மிரட்டலுக்கு ஆளானார்கள், தாய் வீட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. அந்தப் பொய்யைப் பரப்பிய டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி அவர்களுக்கு 148 மில்லியன் டாலர் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஜூரி தீர்ப்பளித்தது. அதனால் போன நிம்மதி திரும்பிவிடுமா? எங்கள் மேனேஜர் 2022-க்குப் பிறகு வரவில்லை. முழங்கால் வலி என்றார். நான் மேலே கேட்கவில்லை.

2024-ல் நான் உதவி மேனேஜர். சாவடியிலேயே மூன்று பேர் தாள்களைக் கையால் எண்ண வேண்டும் என்று மாநிலத் தேர்தல் வாரியம் செப்டம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. அக்டோபரில் நீதிபதி தடுத்துவிட்டார். காலை ஐந்தரைக்கு எழுந்து வந்தவர்களை ராத்திரி எட்டு மணிக்கு எண்ணச் சொல்வது நல்ல யோசனையில்லை என்று, லாபம் சொல்லி எண்ணியவள் என்ற முறையில் சொல்வேன். அந்த முறை குறிப்பேடு யாருக்கும் தனியாக இல்லை. மேஜை நடுவில் ஒரே பெரிய நோட்டு, பேனாவை நூலில் கட்டிவைத்தேன். போனவர், வந்தவர், கெட்டுப்போன தாள் எல்லாம் அதில்.

ஏழே முக்காலுக்கு எண்கள் முதல் தடவையிலேயே ஒத்துப்போயின. இறுதிச் சீட்டைக் கதவில் ஒட்ட வெளியே போனேன். நாயோடு நடந்துவந்த ஒருவர் நின்று, கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு வரியாகப் படம் எடுக்க ஆரம்பித்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சீட்டு நீளம், அடிப்பகுதி காற்றில் சுருண்டுகொண்டே இருந்தது. அவர் எடுத்து முடிக்கும்வரை அதை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.